மில் நின்றால்தான் ரெக்கார்டிங்

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். காதுல மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தீங்க. இப்பத் திடீர்னு சிரிச்சீங்க. தனியாச் சிரிச்சீங்க. அடுத்தவுக போனை எட்டிப் பாக்குறது தப்புதான், ஆனா பாத்துட்டேன். ஆல்பம் அட்டைப் படத்துல மாவு அப்புன ஒரு கை, கையில மைக். 'கீழே மில் ஓடுது'. அங்காள ஈஸ்வரி. அந்த ஆல்பத்தைத்தான கேக்குறீங்க?

எந்த இடத்துல சிரிச்சீங்க? இருங்க, சொல்லாதீங்க, நான் சொல்றேன். நாலாவது பாட்டு. பாதியில அந்தப் புள்ள மூச்சு வாங்க நிறுத்துறா பாருங்க, அந்த இடம். சரிதான?

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. சொல்றேன். நானும் திருச்சி வரைக்கும் வர்றேன், ஒரு கல்யாண வீட்டுல மைக்செட் வேலை. ஆமா, மைக்செட் வேலைதான். ஆல்பம் போட்டவன் மைக்செட் வேலைக்குப் போறான்னா நடுவுல என்னமோ நடந்திருக்குன்னு அர்த்தம். துரோகம் நடந்திருக்கு. வேற வார்த்தை எனக்குத் தெரியலை.

சகான்னு சொன்னா மதுரையில ராப் பாடுற பயலுக எல்லாருக்கும் தெரியும். முழுப்பேரு சகாயராஜ். செல்லூர்ல நம்ம ஸ்டுடியோ. ஸ்டுடியோன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கீழ மாவு மில்லு, மேல நானு. ஒரு ரூமு, சுவரெல்லாம் பழைய மெத்தை, ஒரு மைக்கு, ஒரு கம்ப்யூட்டரு. மில்லு கனகு அண்ணாச்சியோடது. தங்கமான மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவரு கதைக்குப் பின்னாடி வர்றேன்.

மில்லு ஓடுனா என் ரூம்ல டம்ளர்த் தண்ணி நடுங்கும். அப்புறம் எங்குட்டு ரெக்கார்டிங் பண்றது? கோதுமை மிசின்ல இருந்து மிளகாய் மிசினுக்கு பெல்ட்டை மாத்துறப்ப அண்ணாச்சி நிறுத்துவாரு. அந்தச் சந்துல ரெண்டு வரி. மறுபடி ஓட ஆரம்பிச்சா கையைக் கட்டி உக்காந்திருக்கணும். மத்தியானம் அவரு சாப்பிட்டுக் கண்ணசருற நேரத்துல இன்னும் கொஞ்சம் வரி. இப்படித்தான் நான் தொழில் பழகுனேன். மத்தவய்ங்க பாட்டை முழுசாப் பாட விட்டு எடுப்பாய்ங்க. நான் வரி வரியா எடுத்து ஒட்டுவேன். ஒரு வரியில முதல் பாதி திங்கக்கிழமை பாடுனதா இருக்கும், மறுபாதி வியாழக்கிழமை பாடுனதா இருக்கும். ஒட்டு தெரியாது. சவால் விட்டுச் சொல்றேன், எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

சும்மா பாடுனா ஆல்பம் ஆயிருமா தம்பி? குரல் வர்றது அரிசி மாதிரி. சோறாக்குறது நாங்க.

ஈஸ்வரியைக் கண்டுபிடிச்சதே நான்தான். இதை எங்க வேணும்னாலும் எழுதித் தர்றேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில ஆடித் தள்ளுபடி. வாசல்ல ஒரு பொண்ணு மைக்கைப் புடிச்சுக்கிட்டு 'வாங்க வாங்க'ன்னு கூப்புட்டுக்கிட்டு நிக்குது. நான் வேட்டி எடுக்கப் போனவன். என்னையப் பாத்துட்டு, "மஞ்சச் சட்டை அண்ணாச்சி, மனசை மாத்தாதீங்க, மாடியில வேட்டி இருக்கு, மதினிக்கும் சேலை இருக்கு"ன்னா. எழுதி வச்சுப் படிக்கலை. வர்றவன் போறவனைப் பாத்துப் பாத்து அந்த இடத்துலயே கட்டிக்கட்டி விடுறா. மூச்சு விடுறது கூட தாளத்துல வந்து விழுகுது. அந்த வெயில்ல, அந்த இரைச்சல்ல. நான் எதிர்த்த கடை நிழல்ல நின்னு கேட்டேன், கேட்டுக்கிட்டே நின்னேன். வேட்டியை மறந்துட்டேன். இது மண்ணுல கிடக்கிற பாத்திரம், எடுத்துக் கழுவி வச்சோம்னா ஊரே திரும்பிப் பாக்கும்னு தோணுச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, என் கல்யாணத்துல கூட இல்ல. வீட்டுல சொல்லிராதீங்க.

போய்ப் பேசுனேன். "நான் எங்கண்ணே பாடுனேன், சேலைதான வித்தேன்"னு சிரிச்சா. அப்புறம் கடை லீவு அன்னைக்கெல்லாம் ஸ்டுடியோவுக்கு வந்தா. எழுதுனா. என்ன எழுத்துங்கிறீங்க! அவுக கடையில வேலை செய்யுற புள்ளைக யாரும் உக்காரக் கூடாதாம். ஆளு வந்தாலும் வராட்டியும் நின்னுக்கிட்டே இருக்கணுமாம். அதைத்தான் எழுதுனா. நாலாவது பாட்டு, நீங்க கேட்டதுதான்:

காலையில பத்துக்கு நின்ன காலு
ராத்திரி பத்துக்கும் நிக்குது பாரு
சேலைக்கு மடிப்புக் கலையக்கூடாது
சிரிச்ச வாய மூடக்கூடாது
உக்காரச் சொல்ல ஆளில்ல
உக்கார எனக்கொரு சேரில்ல

கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா தம்பி, புல்லரிச்சாப் போதுமா? ஓடணும்ல? பயலுக ஆடணும்ல? அவ சொன்ன வேகத்துல விட்டா ஒப்பாரி மாதிரி இழுக்கும். நான் பீட்டை ஏத்துனேன். நல்லா ஏத்துனேன். அந்தக் கடைசி ரெண்டு வரி சோகமா இருக்குன்னு தூக்கிட்டு, 'நில்லு நில்லு நில்லு'ன்னு திரும்பத் திரும்ப வர்ற மாதிரி ஒரு ஹுக் வச்சேன். கல்யாண வீட்டுல போட்டாக் கிழவி கூட ஆடும். "அண்ணே, இது கால் வலிக்குதுன்னு எழுதுன பாட்டு"ன்னா. "கால் வலிக்கிற வரைக்கும் ஆடுவாய்ங்க பாரு"ன்னேன். சிரிச்சா. சிரிச்சான்னுதான் ஞாபகம்.

பேரையும் மாத்துனேன். அங்காள ஈஸ்வரின்னா குலசாமி கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்கு. எம்.சி. ஈஸ். எப்படி இருக்கு? நச்சுன்னு இல்ல?

பிறகு குரல். ஒரு வரி எடுத்தா மூச்சுச் சத்தம் கேக்கும். வெட்டிருவேன். வாயில எச்சில் ஒட்டுற சத்தம், வெட்டிருவேன். எங்கிட்டாவது குரல் உடைஞ்சா நேராக்கிருவேன். சில நேரம் வரியோட கடைசியில அவளுக்கே ஒரு சிரிப்பு வரும், பாதி சிரிப்பு, பாதி வேற என்னமோ. அதையும் எடுத்துருவேன். அப்புறம் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாட விட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவேன். ஒரு புள்ளை பாடுனா பத்துப் புள்ளை பாடுற மாதிரி கனமா வரும். "அண்ணே, இது நான்தானா?"ன்னு ஒரு நாளு கேட்டா. எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு? அவளுக்கே அவளை அடையாளம் தெரியாத அளவுக்கு வேலை பாத்திருக்கேன்!

மில்லு ஓடுற நேரம் நான் கம்ப்யூட்டர்ல வெட்டிக்கிட்டு இருப்பேன். அவ கீழ இறங்கிப் போயிருவா. கோதுமை மூட்டை மேல உக்காந்துக்கிட்டு அண்ணாச்சிகூட வாயாடிக்கிட்டு இருப்பான்னு நினைச்சுக்குவேன். வாயசையுறது ஜன்னல் வழியாத் தெரியும், மில்லுச் சத்தத்துல என்ன கேக்கும்? புள்ளைக்கு டயம் பாஸ்னு விட்டுட்டேன்.

டிரைவர் அடிக்கிற ஹாரனைக் கேட்டீங்களா? கிழிஞ்ச ஸ்பீக்கர். காது இருக்கிறவன் ஓட்டுற வண்டி இல்ல இது. என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். ஆல்பம் முடிஞ்சுச்சு. 'தீப்பொறி'ன்னு பேரு வச்சேன். ஒன்னரை வருச உழைப்பு. கேட்டிருக்க மாட்டீங்க. பரவாயில்ல.

ஒரு காலேஜ் விழாவுல வெளியிட்டோம். மேடையில பாடுறதுன்னா மூச்சு முன்னபின்ன இருக்கும். அதனால ரெக்கார்டிங்ல இருந்த அவ குரலை அடியில மெல்லிசா ஓட விட்டுருந்தேன். எல்லாரும் பண்றதுதான். அவகிட்டச் சொல்லலை. சொன்னாப் பதறுவா, எதுக்குச் சொல்லணும்? முதல் ரெண்டு பாட்டு நல்லாப் போச்சு. பயலுக விசில் அடிக்கிறாய்ங்க. மூணாவது முடிஞ்சு 'நில்லு நில்லு' வந்துச்சு. முதல் அடி பாடுனா, ரெண்டாவது அடி பாடுனா. மூணாவதுல திணறுறா. வாயைத் திறக்குறா, சத்தம் வரலை. மைக்கை இறக்கிட்டு முட்டியில கையை ஊனிக் குனிஞ்சுட்டா.

பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு தம்பி. அவ குரல்ல. அவ குனிஞ்சு நிக்கிறா, குரல் மட்டும் ஜம்முன்னு பாடுது.

முன்வரிசையில ஒருத்தன் கத்துறான், "அக்கா, வாய் இங்க இருக்கு, பாட்டு எங்குட்டு இருந்துக்கா வருது?"ன்னு. கூட்டம் மொத்தமும் ஊளை. அவ நிமிந்து என்னையப் பாக்குறா. மைக்லயே சொல்றா, "சகா அண்ணே, நிறுத்துங்க. நிறுத்துங்கண்ணே."

நீங்களே சொல்லுங்க, டிராக் ஓடுறப்ப நிறுத்துவாங்களா? தொழில் தெரிஞ்ச எவனும் நிறுத்த மாட்டான். நிறுத்துனா நிகழ்ச்சி செத்துச்சுன்னு அர்த்தம். நான் என்ன பண்ணுனேன், குரலை ஏத்துனேன். அவ 'நிறுத்துங்க'ங்கிறது வெளிய கேக்காத அளவுக்கு ஏத்துனேன். நிகழ்ச்சியைக் காப்பாத்துனது யாரு? நான். ஒழுங்காப் பழகாம வந்து மூச்சு வாங்குனது யாரு? அவ. எல்லாம் முடிஞ்சப்புறம் கீழ வந்து என்ன சொன்னாங்கிறீங்க? நன்றியா?

"அது பாட முடியாத பாட்டுண்ணே. மூச்சு விட இடமே இல்ல. நீங்க எங்கிட்டும் விடலையே"ன்னா.

"பழகு, வரும்"னேன்.

"மனுசப் பிறவியால முடியாதுண்ணே. வரி வரியா எடுத்தது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சரி, அது கிடக்கட்டும். அடியில என் குரலை ஓட விட்டீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் குரல்தான அது?"

நான் என்ன சொல்றது? குரல் உனது, பாட்டு என்னோடதுன்னேன். அதுல என்ன தப்பு? அவ மைக்கை என் கையில குடுத்தா. நின்னா. போயிட்டா. அதுக்கப்புறம் ஸ்டுடியோவுக்கு வரலை. போன் போட்டா, "கடையில இருக்கேண்ணே"ம்பா. ஆறப்போட்டா வருவான்னு இருந்தேன். ரெண்டாவது ஆல்பத்துக்குப் பீட்டெல்லாம் போட்டு வச்சிருந்தேன், அவளுக்குன்னே. இன்னும் கம்ப்யூட்டர்ல கிடக்கு, 'ஈஸ் 2'ன்னு பேரு போட்டு.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். தேர்தல் நேரம். ஒரு வேட்பாளருக்குப் பிரச்சாரப் பாட்டு அவசரமா முடிக்கணும். ஞாயித்துக்கிழமை மில்லு லீவு, நிம்மதியா எடுத்துரலாம்னு பாடுற பையனை வரச் சொல்லிட்டேன். மத்தியானம் மைக் முன்னாடி அவனை நிறுத்துறேன், கீழ மில்லு ஓட ஆரம்பிக்குது. ஞாயித்துக்கிழமை! அண்ணாச்சி என்னைக்குமே ஞாயித்துக்கிழமை ஓட்டுனது இல்ல. யாருக்கோ அவசர மாவு போலன்னு பொறுத்துப் பாத்தேன். நின்ன பாடில்ல. பையன் கிளம்பணுங்கிறான். எனக்கு எரிச்சல்னா எரிச்சல். மாடிப்படியில பாதி இறங்கி வந்து கத்துனேன்: "அண்ணாச்சி! மில்லை நிறுத்துங்க! மேல ரெக்கார்டிங் நடக்குது!" நிறுத்தலை. நானும் தலையில அடிச்சுக்கிட்டு மேல போயிட்டேன். அந்தப் பிரச்சாரப் பாட்டு என் கையை விட்டுப் போயிருச்சு.

அப்புறம் கொஞ்ச மாசம் கழிச்சு இந்த ஆல்பம் வருது. என் மச்சினன் பையன்தான் போட்டுக் காட்டுனான். "மாமா, உங்க ஈஸ் அக்கா ஆல்பம், செமையா இருக்கு"ன்னான். என் காதுல விழுந்த முதல் சத்தமே எனக்குச் சுருக்குன்னு தச்சுச்சு. பீட்டே இல்ல. தடக் தடக் தடக்னு ஒரு சத்தம். பெல்ட்டு சுத்துற சத்தம், நடுவுல கோதுமை விழுகுற சத்தம். இத்தனை வருசமா நான் வெட்டி வெட்டித் தூரப் போட்ட சத்தம் தம்பி. என் காலுக்குக் கீழ இருந்த சத்தம். அதுக்கு மேல ஒத்தக் குரல். அடுக்கலை, நேராக்கலை. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே மூச்சா எடுத்திருக்காய்ங்க, அதாவது ஒட்டே இல்லாம. மூச்சு விடுறது கேக்குது. எச்சில் விழுங்குறது கேக்குது. அந்தப் பாதிச் சிரிப்பு, அதுவும் இருக்கு. திருச்சிக்காரப் பொண்ணு ஒண்ணு சின்ன ரெக்கார்டரைக் கொண்டுவந்து எடுத்துச்சாம். பேரு போட்டிருக்கு. என் பேரு எங்கயும் இல்ல.

நேரா அண்ணாச்சிகிட்டப் போனேன். மனுசன் மறைக்கக் கூட இல்ல. "ஆமா, அந்தப் பிள்ளை கேட்டுச்சு. சும்மா மிசினை ஓட்டுனாக் கல்லு தேஞ்சுரும்னு ரெண்டு மூட்டை கோதுமையைப் போட்டு ஓட்டுனேன்"ங்கிறாரு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா அண்ணாச்சி?"

"சகாவைக் கூப்புடட்டுமான்னு நான் கேட்டேன் தம்பி. அண்ணே வந்தா முதல்ல மில்லை நிறுத்தச் சொல்வாருன்னுச்சு."

"நான் கத்துனது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நிறுத்தத்தான் போனேன். அந்தப் பிள்ளை கையைக் காட்டி வேண்டாம்னுச்சு. எத்தனையோ நாளு நீங்க மேல கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, அது இங்கதான மூட்டை மேல உக்காந்து முழுசு முழுசாப் பாடிப் பாக்கும். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும்? மில்லு ஓடுறப்ப எவனுக்கு என்ன கேக்கும்?

சொல்லுங்க தம்பி, இது துரோகம் இல்லையா? தெருவுல நின்ன புள்ளையக் கூட்டிட்டு வந்து, மைக்கை எம்புட்டுத் தூரத்துல புடிக்கணும்னு சொல்லிக் குடுத்தவன் நான். என் மாடிக்குக் கீழயே, நான் உக்காந்திருக்கப்பவே. வேற ஊருல போய்ப் பண்ணியிருந்தாக் கூட இம்புட்டு வலிச்சிருக்காது.

அதை விட ஒண்ணு சொல்றேன். நாலாவது பாட்டு. நீங்க சிரிச்ச இடம். 'நில்லு நில்லு' எல்லாம் தூக்கிப் போட்டுட்டா, அவ எழுதுன மாதிரியே பாடுறா. 'சிரிச்ச வாய மூடக்கூடாது' முடிச்சு மூச்சு வாங்க நிறுத்துறா. அந்த இடத்துல தூரத்துல ஒருத்தன் கத்துறான், கேட்டீங்கல்ல? 'அண்ணாச்சி! மில்லை நிறுத்துங்க! மேல ரெக்கார்டிங் நடக்குது!' அதைக் கேட்டுத்தான சிரிச்சீங்க? ஊரே அந்த இடத்துல சிரிக்குதாம். என் மச்சினன் பையன் அதைப் போன் ரிங்டோனா வச்சிருக்கான். கத்துறது தன் மாமன்னு அவனுக்குத் தெரியாது.

ஆமா. நான்தான்.

முகத்தைத் திருப்பாதீங்க, சிரிச்சது தப்பில்ல. நான் கோவப்படுறது உங்க மேல இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? என் குரலை எடுத்து ஊருக்கே போட்டிருக்கா, ஒரு வார்த்தை கேட்டாளா தம்பி? என் குரல்தான அது? அதுவும் எப்படி, கொஞ்சம் நேராக்கிக் கனமாக்கிப் போட்டிருக்கலாம்ல. கத்தி முடிச்சதும் எனக்கு மூச்சு இரைக்குது, அது கூடக் கேக்குது. படியில பாதி இறங்கினதுக்கே. அதையாவது வெட்டியிருக்கலாம். வெட்டத் தெரியாதவளா? நான்தான சொல்லிக் குடுத்தேன்.

வெட்டலை. அந்த மூச்சு அடங்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கா. மில்லு ஓடிக்கிட்டே இருக்கு. அது அடங்குனதுக்கு அப்புறம்தான் அவ, 'உக்காரச் சொல்ல ஆளில்ல'ன்னு ஆரம்பிக்கிறா.

விராலிமலை வந்துருச்சா? நேரம் போனதே தெரியலை. தம்பி, காதுல மாட்டியிருக்கீங்கல்ல, அதுல ஒண்ணை எங்கிட்டக் குடுங்க. வலது காதுக்கு உள்ளது. அந்த நாலாவது பாட்டை முதல்ல இருந்து போடுங்க. இல்ல இல்ல, நேரா அந்த இடத்துக்குத் தாவிப் போகாதீங்க, முழுசா ஓடட்டும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, இந்த ஹாரன்ல ஒரு எழவும் கேக்கலை.